தேங்காய்ப்பட்டணத்தில் நிலாவுக்குக் காத்திருந்தோம்

பிலோமினா அண்ணி அதற்கு முன் ஒருநாளும் என்னை அழைத்ததில்லை. அவர் கணவர் ததேயு அண்ணனோடு ஹாம் ரேடியோவில் பேசும்போது பின்னால் பாத்திரம் உருளும் ஓசையாகவும், "சாயா ஆறுது" என்ற குரலாகவும்தான் எனக்கு அவரைத் தெரியும். அன்று மலேசியாவில், நான் இருக்கும் தைப்பிங்கில் வழக்கம்போல மழை. கொடியில் கிடந்த துணியை எடுக்க ஓடியபோது கைப்பேசி அடித்தது. இந்திய எண்.

"மாலா, ஷைனிக்க அம்மையாக்கும் பேசுதது. அவரு குளிக்கப் போயிருக்காரு, அதனால பெட்டெண்ணு சொல்லிருதேன். நீ இஞ்ச வரணும்."

பெட்டெண்ணு என்றால் சீக்கிரமாக என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். மற்றது அப்போதே புரிந்துவிட்டது.

ஷைனி அவர்களுடைய ஒரே மகள். நிலாவுக்கு ஆளில்லாக் கலங்களை அனுப்பும் ஒரு சின்ன நிறுவனத்தில், ஐரோப்பாவில் பொறியாளர். கலம் தரையிறங்கும்போது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து சொல்லும் பகுதி அவளுடைய குழுவின் பொறுப்பு. அவர்கள் அனுப்பிய முதல் கலம் இறங்குகையில் விழுந்து நொறுங்கியது. மஸ்கட்டில் தொலைத்தொடர்பு வேலை பார்த்துத் திரும்பியிருந்த அண்ணன், வீட்டு மாடியில் ஒரு பழைய கேபிள் டிவி டிஷ்ஷை நிறுத்தி அந்தக் கலத்தின் சிக்னலைக் கேட்டுக்கொண்டிருந்தார். சிக்னல் அறுந்தது. சற்று நேரத்தில் அவரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்துப் பிழைக்க வைத்தார்கள்.

இப்போது இரண்டாவது கலம் நிலாவைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"இனி மாடிக்கு ஏற மாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணிருக்காரு. ஆனா ஏறுவாரு, எனக்குத் தெரியும். அவருக்குப் பதிலா நீ இருந்து கேளு. என்ன ஆனாலும் நீ கீழ இறங்கி வந்து சொல்லு. பைய சொல்லு."

அண்ணிக்குத் தெரியாது, அவர் கேட்டது என்னுடைய பழைய வேலையைத்தான். நான் தைப்பிங்கில் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். படம் விழுந்ததும் எனக்கு முதலில் தெரிந்துவிடும். நோயாளி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் நான் எதுவும் சொல்லக்கூடாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும். அத்தனை வருடமும் முகத்தைக் கல்லாக வைத்துப் பழகியவளிடம், இப்போது போய்ச் சொல் என்கிறார்கள். ஆனாலும் வருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

அன்று மாலையே அண்ணனிடமிருந்து ஒரு செய்தி. நான் வரப்போவது தெரிந்ததில் ரொம்ப சந்தோஷமாம். இடி விழுந்து டிஷ்ஷின் ஆம்ப்ளிஃபயர் கருகிவிட்டதாம். வரும்போது ஒன்று கொண்டுவர முடியுமா?

கொண்டுபோனேன். நெருப்புப்பெட்டி அளவுள்ள அந்தச் சாமானை மைலோ பொட்டலங்களுக்கு நடுவே வைத்திருந்தேன். கேரளத்தில் விமானம் இறங்கியதும் சுங்கச் சோதனையில் அதைத்தான் முதலில் வெளியே எடுத்தார்கள். என்ன இது என்று அதிகாரி கேட்டார். நிலாவிலிருந்து வரும் சிக்னலைக் கேட்பதற்கு என்று உண்மையைச் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது. அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். இருவரும் மலையாளத்தில் பேசிக்கொண்டதில் பாதி எனக்குப் பிடிபட்டது.

"பார்த்தால் டீச்சர் மாதிரி இருக்கிறார். மூளை சரியில்லையோ?"

"சரியில்லை என்றால் நிலாவுக்குப் போக வேண்டும் என்பார். இவர் கேட்கத்தானே போகிறார். விட்டுவிடு."

விட்டுவிட்டார்கள். பெட்டியை மூடினேன்.

பேருந்தில் ஏறிய கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. என் பக்கத்து ஜன்னலின் ஷட்டர் பாதியில் சிக்கி நின்றுவிட்டது. எங்கள் ஊர் நீண்டதூரப் பேருந்துகளில் கண்ணாடி அடைத்து, குளிரூட்டி, பக்கத்தில் இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியாமல் பயணம் செய்யலாம். இங்கே என் தோள் நனைவது மொத்தப் பேருந்தின் பிரச்சினையாகிவிட்டது. பின்னால் இருந்தவர் எழுந்து ஷட்டரைக் குத்தினார். கண்டக்டர் வந்து இழுத்தார். பக்கத்தில் இருந்த அம்மா, காலடியில் கிடந்த தன் பலாப்பழத்தைத் தள்ளிவிட்டு, "இஞ்சோட்டு நெருங்கி இரியுங்க" என்று இடம் கொடுத்தார். ஷட்டர் கடைசிவரை இறங்கவில்லை. ஆம்ப்ளிஃபயரைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டு வந்தேன்.

புதுக்கடை சந்திப்பில் இறங்கினேன். குடைகளின் கூட்டத்தில் யாரைத் தேடுவது? கனத்த குரல் கொண்ட அண்ணனை நான் ஓர் ஆஜானுபாகுவாக நினைத்து வைத்திருந்தேன். மெலிந்த, குள்ளமான ஒருவர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"மாலாதானா? சத்தம் காட்டு."

"நான்தான் அண்ணே."

"ஆமா. நீதான்."

பக்கத்து வீட்டு நசீரின் ஆட்டோ காத்திருந்தது. ஏறியதும் அண்ணன் தணிந்த குரலில் கேட்டார். "கொண்டு வந்தியா?"

"கொண்டு வந்தேன்."

"அவகிட்ட பறைய வேண்டாம்."

வந்து இறங்கிய ஒரு மணி நேரத்துக்குள், ஒரே வீட்டில் இரண்டு பேருடைய ரகசியத்தையும் சுமப்பவளாகிவிட்டேன். நசீர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தான். அவனுக்கு இரண்டுமே தெரிந்திருக்கும் என்று தோன்றியது.

அண்ணி வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த வீட்டுல எனக்க சத்தத்தவிட உனக்க சத்தமாக்கும் கூடுதல் கேட்டிருக்கு" என்றார். அதில் கோபம் இல்லை. பிறகு சாப்பாடு. அவித்த மரச்சீனிக் கிழங்கும், குடம்புளி போட்ட சாளைக் குழம்பும். எங்கள் ஊரில் மரவள்ளியைத் தேங்காய்ப்பூவும் சீனியும் தூவி மாலைப் பலகாரமாகத் தின்போம். அதை மீன் குழம்பில் பிசைந்து சாப்பிடலாம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அண்ணன் சாப்பிடும்போது அடிக்கடி கூடத்தின் மூலையைப் பார்த்தார். மாடிக்குப் போகும் படி அங்கேதான் இருந்தது. அண்ணி அவரைப் பார்த்தார். நான் இருவரையும் பார்த்தேன்.

மறுநாள் காலை மீன் வாங்க அண்ணனோடு துறைமுகத்துக்குப் போனேன். ஆறு கடலில் சேரும் இடம் அது. அலைத்தடுப்புச் சுவர்களுக்கு நடுவே உள்ள நுழைவாயிலில் மணல் மேடிட்டிருப்பதால் வள்ளங்கள் கவிழ்வது உண்டாம். ஒவ்வொரு வள்ளமும் உள்ளே நுழையும்போது கரையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நுழைந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

எல்லோரும் அண்ணனிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். மகளுக்க ராக்கெட் எப்போது இறங்குகிறது? மீன் விற்ற ஓர் அம்மா மட்டும் வேறு மாதிரி கேட்டார்.

"ததேயு, அதுக்குள்ள ஆளு உண்டா?"

"ஆளு ஒண்ணும் கெடையாது."

"ஆளில்லாத வள்ளத்துக்கு எதுக்கு இவ்வளவு பேடி?" அவர்கள் பேச்சில் பேடி என்றால் பயம்.

அண்ணன் சூரை மீனின் செவுளை விரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆளு இல்லாததுனாலதான் பேடி. ஆளு இருந்தா அவன் பாத்துக்கிடுவான்லா."

திரும்பும் வழியில் மாதா கோயிலிலிருந்து ஒருவர் சைக்கிளை நிறுத்தி, இறங்கும் நாளன்று தனிப் பூசை வைக்கலாமா என்று பங்குச் சாமியார் கேட்கச் சொன்னதாகச் சொன்னார். அண்ணனின் முகம் மாறிவிட்டது. வேண்டாம் என்று மட்டும் சொல்லி நடந்தார். கொஞ்சதூரம் போன பிறகுதான் விளக்கினார். போன தடவை பூசை வைத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்களாம். கலம் விழுந்த மறுநாள், அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது, ஊரே வீட்டுக்கு வந்ததாம். ஃபிளாஸ்கில் சாயாவும் பாத்திரத்தில் கஞ்சியும் பயறுமாக, துட்டி விசாரிக்க இழவு வீட்டுக்கு வருவது போல.

"எனக்க மவ அந்த நேரம் போன் பண்ணுதா. பின்னால பெண்ணுகளுக்க அழுக சத்தம். அவ என்ன நெனச்சிருப்பா? நான் செத்துட்டேன்னு நெனச்சுட்டா."

அன்று மாலை ஷைனி வீடியோவில் வந்தாள். தலை வாரியிருக்கவில்லை. பின்னால் வெள்ளைச் சுவர். இன்றைக்கு என்ன மீன் என்று கேட்டாள். அண்ணி சூரை என்றார். மசாலா கூடுதலா போட்டியா என்று கேட்டாள். நிலாவைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. பிறகு என்னிடம் கொடுக்கச் சொன்னாள். நான் போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன்.

"அத்தை, நீங்கதான கேக்கப் போறீங்க?"

"ஆமாம்மா."

"கடைசிக் கால் மணி நேரம் எங்க கையில ஒண்ணுமே இல்ல. கோளாறு என்னன்னு நாங்க பாத்து ஒரு கட்டளை அனுப்புறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். அதனால அதுவே பாத்து, அதுவே அளந்து, அதுவே இறங்கணும். நாங்களும் உங்கள மாதிரி திரையில சிக்னல் கோட்டப் பாத்துட்டு இருக்க வேண்டியதுதான்." குரலைத் தாழ்த்தினாள். "அப்பாவ மேல விடாதீங்க."

விட மாட்டேன் என்று சொன்னேன். என் பெட்டிக்குள் இருந்த ஆம்ப்ளிஃபயர் நினைவுக்கு வந்தது.

இறங்கும் நாளுக்கு முந்தின நாள் அண்ணி எங்கள் இருவரையும் கன்னியாகுமரிக்கு அனுப்பிவைத்தார். "வீட்டுல இருந்தா இவரு படியப் பாத்துட்டே இருப்பாரு. கடலப் பாக்கட்டு" என்றார். கடலுக்குப் பக்கத்தில் வாழ்பவரைக் கடல் பார்க்க அனுப்புகிற வீடு அது ஒன்றுதான் இருக்கும்.

அன்று மழை விட்டிருந்தது. சங்குக் கடைகளையும் பனங்கிழங்குக் கடைகளையும் தாண்டி, படித்துறையில் இடம் பிடித்து உட்கார்ந்தோம். மூன்று பக்கமும் கடல் என்று படித்திருந்தேன். எனக்குக் கண்ணில் பட்டது மூன்று பக்கமும் மனிதர்கள்தான். பின்மதிய வானத்தில் நிலா வெளுத்துப் போய்ப் பாதிக்குச் சற்றுக் குறைவாக நின்றது. அண்ணன் தலையை உயர்த்திப் பார்த்தார், உடனே குனிந்துகொண்டார்.

எங்களுக்குக் கீழ்ப்படியில் வடநாட்டுக் குடும்பம் ஒன்று. அதிலிருந்த பெரியவர் நிலாவைக் கைகாட்டி மனைவியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மஸ்கட்டில் ஹிந்தி பழகிய அண்ணன் எனக்கு மெதுவாக மொழிபெயர்த்தார்.

"அங்கே நம் நாட்டு வண்டி ஒன்று இறங்கி நிற்கிறது, தெரியுமா?"

"திரும்பி எப்போது வரும்?"

"வராது. அது அங்கேயேதான்."

"ஐயோ பாவம். தனியாகவா?"

மொழிபெயர்த்து முடித்த அண்ணன் மீண்டும் நிலாவைப் பார்த்தார். நான் வாங்கித் தந்த மட்டி வாழைப்பழத்தை உரிக்காமல் கையில் வைத்திருந்தார்.

திரும்பும்போது பேருந்து நடுவழியில் நின்றுவிட்டது. கேரளத்துக்குக் கல் ஏற்றிப்போகும் டிப்பர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டியிருந்தன. முன்னால் ஒரு லாரி இன்னொரு பேருந்தின் பக்கவாட்டை உரசிவிட்டதாம். டிரைவர்கள் இருவரும் இறங்கி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அது முடிவதாகத் தெரியவில்லை. எஞ்சின் புகையும் புழுக்கமும் சேர்ந்து உள்ளே மூச்சு முட்டியது.

அண்ணனின் நெற்றியில் வேர்வை பூத்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். இடது கையால் மார்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குதா அண்ணே?"

"ஒண்ணுமில்ல. வாயு."

"மாத்திரை?"

"மத்த சட்டையில கெடக்கு."

எக்ஸ்ரே அறையில் எத்தனையோ பேர் "வாயுதான்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அவரைக் கைத்தாங்கலாக இறக்கி, ரோட்டோரம் ஒரு பெட்டிக்கடை பெஞ்சில் உட்கார வைத்தேன். நசீரைக் கூப்பிட்டேன். கடைக்காரர் சோடாவை உடைத்துக் கொடுத்தார், விசிறிவிட்டார், டவுனில் எந்த டாக்டர் நல்லவர் என்று சொன்னார். இந்த ஊரில் எனக்குத் தெரிந்த மூன்று பேரில் ஒருவர் என் பொறுப்பில் இப்படி உட்கார்ந்திருக்கிறாரே, அண்ணியிடம் என்ன சொல்வேன் என்பது ஒன்றுதான் மனதில் ஓடியது. நசீர் சந்துபொந்தெல்லாம் புகுந்து, கையில் மாத்திரைப் பட்டையோடு வந்து சேர்ந்தான். வழியிலேயே டாக்டரிடம் காட்டினோம். இ.சி.ஜி. பார்த்துவிட்டு, பழைய மாதிரிதான் இருக்கிறது, பதற்றப்படாமல் இருக்கச் சொல்லுங்கள் என்றார் அவர்.

ஆட்டோவில் நான் சொன்னேன். "நாளைக்கு நீங்க மேல வர வேண்டாம் அண்ணே."

அவர் வெளியே வாழைத்தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் விடிந்தது முதல் காற்றும் மழையும். காலைச் சாப்பாடு முடிந்த நேரத்தில் மாடியில் தொப்பென்று ஒரு சத்தம். வீடே அதிர்ந்தது. நானும் அண்ணியும் ஒருவரையொருவர் பார்ப்பதற்குள் அண்ணன் படியில் பாதி ஏறிவிட்டார்.

நாங்கள் ஏறிப்போனபோது மழையில் நனைந்தபடி டிஷ்ஷைப் பிடித்துக்கொண்டு நின்றார். தென்னை மட்டை ஒன்று விழுந்து, டிஷ்ஷின் நடுவே சிக்னலை வாங்கும் குழலைத் தாங்கும் கம்பி வளைந்து கிடந்தது.

"சத்தியம் பண்ணுனிய" என்றார் அண்ணி.

"பண்ணுனேன்."

"அப்ப எதுக்கு ஏறுனிய? உங்களுக்கு என்னவும் ஆச்சுண்ணா நான் என்ன செய்ய? அவ என்ன செய்வா?"

அண்ணன் டிஷ்ஷை விடவில்லை. முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்கவும் இல்லை.

"பிலோமி, போன தடவ நான் இஞ்ச தனியா இருந்தேன். நீ கோயில்ல இருந்த. கோடு அறுந்து போச்சு. கீழ எறங்கி வந்து டிவியப் பாத்தா, அதுல மவளுக்க ஆபீஸ்ல உள்ளவிய அப்பவும் சிரிச்சிட்டு இருந்தாவ. டிவில எல்லாம் கொஞ்சம் பொறவுதான் வரும், கேட்டியா. எனக்குத் தெரியும், அங்க அவளுக்குத் தெரியும், இந்த ஊருல வேற ஒருத்தருக்கும் தெரியாது. சொல்லதுக்கு ஒரு ஆளு இல்ல. கோடு அறுந்ததுல எனக்கு நெஞ்சு அடைக்கல. அதுலதான் அடைச்சுது."

மழை அண்ணி தலையிலும் பெய்தது.

முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அண்ணி சொன்னார். "அப்ப எனக்கும் ஒரு கசேரி கொண்டுவந்து போடச் சொல்லுங்க."

அதன் பிறகு வேலை ஓடியது. நசீர் தகரத்தை வைத்து மாடியின் ஒரு மூலையை மறைத்துக் கொடுத்தான். வளைந்த கம்பியை நிமிர்த்தி, மரக்கட்டையை வைத்துக் கட்டினோம். என் பெட்டியைத் திறந்து ஆம்ப்ளிஃபயரை வெளியே எடுத்தபோது அண்ணி, "இது மைலோவுக்குள்ள இருக்குன்னு வந்த அன்னைக்கே பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மத்தியானம் கரண்ட் போனது. இன்வெர்ட்டரை மாடிக்குத் தூக்கினோம். சமையல் நடக்கவில்லை. மட்டிப்பழமும் கட்டஞ்சாயாவும்தான். பாலில்லாத அந்தச் சாயாவை எங்கள் ஊரில் தே ஓ என்போம்.

மாலையில் உட்கார்ந்தோம். வானம் முழுக்க மேகம். நிலா இருக்கும் இடமே தெரியவில்லை. ஆனால் ரேடியோ அலைக்கு மேகம் ஒரு பொருட்டில்லை. கணினி சொன்ன திசையில் டிஷ்ஷைத் திருப்பி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன். திரையில், மங்கலான புள்ளிகளுக்கு நடுவே, மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது.

அதுதான் என்றேன்.

அண்ணிக்கு அண்ணன் விளக்கினார். ஆம்புலன்ஸ் கிட்டே வரும்போது ஒரு மாதிரியும் விலகிப் போகும்போது ஒரு மாதிரியும் சத்தம் கேட்கிறதல்லவா? அதைப்போலக் கலத்தின் வேகம் மாறினால் இந்தக் கோடு வளையும். பிரேக் போடும்போது நன்றாக வளையும். இறங்கி நின்றுவிட்டால் நேராகிவிடும். அறுந்துபோனால் என்ன என்று அவர் சொல்லவில்லை. அண்ணி கேட்கவும் இல்லை. அவர் திரையைப் பார்க்கவே இல்லை. நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கையால் கணவரின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். கீழே நசீர் ஆட்டோவைத் திருப்பி நிறுத்தியிருந்தான்.

கோடு வளையத் தொடங்கியது. அழகாக, ஒரே சீராக. "பிரேக் பிடிக்கி" என்றார் அண்ணன். தகரத்தில் மழை விழும் ஓசை மட்டும். வளைவு மெல்ல மெல்ல நிமிர்ந்து வந்தது. இன்னும் கொஞ்சம்தான் என்று நான் நினைத்த இடத்தில் கோடு நடுங்கியது. மங்கியது. பிறகு இல்லை.

திரையில் புள்ளிகள் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தன.

என் முகம் தானாகவே கல்லானது. பழக்கம். அண்ணன் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார். அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும் அந்தத் திரை. ஆனாலும் என்னிடம் கேட்டார்.

"போச்சா, மாலா?"

ஆஸ்பத்திரியில் இந்தக் கேள்விக்கு, டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். இங்கே எனக்கு மேலே யாரும் இல்லை.

"தெரியல அண்ணே. காணோம். ஆனா போச்சுன்னு சொல்ல மாட்டேன்."

அண்ணி மணிக்கட்டை விடாமல், "நான் இஞ்சதான் இருக்கேன்" என்றார். அவ்வளவுதான். அண்ணன் தலையை ஆட்டினார். அவர் மூச்சை நான் எண்ணுவது போலக் கேட்டுக்கொண்டிருந்தேன். டிஷ்ஷை ஓர் இழை இடப்பக்கம் நகர்த்தினேன், வலப்பக்கம் நகர்த்தினேன், பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். ஒன்றும் இல்லை. நசீர் படியில் ஏறிவந்து, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான்.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. முதலில் அதை நான் கண் களைப்பு என்றுதான் நினைத்தேன். புள்ளிகளுக்கு நடுவே ஒரு நிழல் மாதிரி. முன்பு இருந்ததில் பாதி வெளிச்சம்கூட இல்லை. அண்ணன் முன்னால் குனிந்தார். ஸ்கேலை எடுத்துத் திரையில் வைத்தார்.

"நேரா இருக்கு" என்றார். "மாலா, நேரா இருக்கு. அசையல. அது தரையிலயாக்கும் இருக்கு."

"பின்ன ஏன் இவ்வளவு மங்கல்?"

"சரிஞ்சு கெடக்கும். ஆன்டெனா வேற எங்கயோ பாத்துட்டு கெடக்கு. ஆனா பேசுது."

அண்ணி அப்போதுதான் முதல்முறையாகத் திரையைப் பார்த்தார். "எங்க?" என்று கேட்டார். நான் விரலால் தொட்டுக் காட்டினேன். "இதா? இவ்வளவுதானா?" என்றார். பிறகு கையிலிருந்த மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டார்.

அதன் பிறகுதான் கைப்பேசியின் நேரலையில் கட்டுப்பாட்டு அறைக்காரர்கள் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது. நேரலை தாமதமாக வருவதால் அங்கே சிக்னல் அப்போதுதான் அறுந்திருந்தது. தலையில் கை வைத்தபடி ஒரு பெண் குனிந்திருந்தாள். ஷைனியா என்று முகம் தெரியவில்லை. "தல நிமிரு மக்கா, வருது, வருது" என்று அண்ணன் அந்தச் சின்னத் திரையைப் பார்த்துச் சொன்னார்.

இருட்டத் தொடங்கியபோது அறிவித்தார்கள். கலம் ஒரு சரிவில் இறங்கிச் சாய்ந்து நிற்கிறது. தொடர்பு இருக்கிறது, மிகவும் பலவீனம். பாதிக் கருவிகள் வேலை செய்யலாம், மீதி செய்யாமல் போகலாம். வெற்றி என்றும் சொல்லவில்லை, தோல்வி என்றும் சொல்லவில்லை. உயரம் அளக்கும் கருவி கடைசிவரை சரியாக வேலை செய்தது என்று ஒருவர் சொன்னார். அண்ணன் அதை மட்டும் திரும்ப ஓட்டிக் கேட்டார்.

கரண்ட் வந்தது. கீழே வந்து அண்ணி உலை வைத்தார். நான் தேங்காய் துருவினேன். சோறு வடித்து முடித்த நேரம் ஷைனி அழைத்தாள். வீடியோ இல்லை, குரல் மட்டும்.

"அம்மா."

"சொல்லு மக்கா."

"அப்பா?"

"இஞ்ச இருக்காரு. நல்லா இருக்காரு. நானும் மேலதான் இருந்தேன்."

"நீயுமா?" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. நேற்று ராத்திரி முழுக்க உறங்கவில்லை என்றாள். இன்னும் கொஞ்சத்தில் கூட்டம் இருக்கிறது, அதுவரை ஆபீஸ் அறையில் தரையில் படுத்திருக்கிறேன் என்றாள்.

"போன வச்சுட்டு ஒறங்கு மக்கா."

"வைக்காத அம்மா. அப்படியே இருக்கட்டும்."

அண்ணி கைப்பேசியைச் சாப்பாட்டு மேசையின் நடுவே, மீன் குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். சற்று நேரத்தில் அதிலிருந்து சீரான மூச்சு கேட்க ஆரம்பித்தது. அண்ணன் ஃபேனை நிறுத்தினார். கரண்டி சட்டியில் படாமல் அண்ணி குழம்பை ஊற்றினார். நாங்கள் மூன்று பேரும் சத்தம் வராமல் சாப்பிட்டோம்.